பஸ்காரனின் வாயை மூடியவன்

சென்ற மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் போனில் அழைத்தார். கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்கிற ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர். பஸ்காரன் படங்களில் நான்காவது வரப்போகிறது, இந்த முறை ரோபோ உடைக்குள் ஆளே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றார்.

"சார், மூணாவது படத்துல நீங்க பண்ண மூடின வாய் இருக்குல்ல, அத பார்த்துட்டுத்தான் நாங்கல்லாம் இந்த வேலைக்கே வந்தோம். அந்த ஐடியா எப்படி வந்துச்சுன்னு எங்க டீமுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் பேனாவையே தொடவில்லை. நான்காம் நாள் மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன். போய் வந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அந்த இளைஞர் கேட்டது இதை இல்லை என்று தெரியும். என்னிடம் இருப்பது இதுதான்.

ஐ.டி.ஐ.யில் வரைபடக் கலை படித்துவிட்டு, 93இல் திண்டிவனத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தேன். பிளாஸ்டிக் பொம்மைகள் வார்க்கும் அச்சுகளுக்கு நான் படம் போட்டுத் தர வேண்டும். சேர்ந்த மறு வருடமே பஸ்காரனை வரைந்தேன். உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சை டவுன் பஸ். முன்பக்கத்தை மேலே தூக்கி, பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கீழே மடக்கினால் ரோபோவாக நிற்கும். முதுகில் சாவி. சாவி கொடுத்தால் கிர்ரென்று நடக்கும். அந்தச் சத்தம் வெளியே வருவதற்காக, பஸ்ஸின் முகப்பில் இருந்த ரேடியேட்டர் கம்பிகளையே வாயாக வைத்து, அகலமாக ஐந்து திறப்புகள் விட்டிருந்தேன். பார்ப்பதற்குப் பல் தெரியச் சிரிப்பது போல இருந்தது. சிரிக்க வைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, தானாக அமைந்தது. திருவக்கரைக் கோயிலின் பௌர்ணமிக் கூட்டத்தில் குழந்தைகள் அதைக் கேட்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு டிராக்டர்காரன், ரோடு ரோலர்காரன் என்று ஒவ்வொன்றாக வந்தன. வெளிநாட்டுப் பொம்மைகள் வந்து குவிந்ததும் கம்பெனியை மூடினார்கள். நான் விழுப்புரத்தில் ஒரு ஷெட் பிடித்து, கடை வாசல்களுக்கும் பூங்காக்களுக்கும் பைபரில் உருவங்கள் செய்துகொண்டிருந்தேன்.

சில வருடங்கள் கழித்து, அந்தப் பொம்மைகளை வாங்கி விளையாடி வளர்ந்த ஒருவர் டைரக்டராகி என்னைத் தேடி வந்தார். பஸ்காரனை வைத்துப் படம் எடுக்க வேண்டும், ஏழடி உயரத்தில், உள்ளே மனிதன் நடக்கிற மாதிரி வேண்டும் என்றார். அவரோடு வந்த ஆர்ட் டைரக்டர்தான் ஜெயசீலன் சார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதட்டிப் பேச மாட்டார். செய்து நிறுத்திய உருவத்தைத் தூரத்திலிருந்து ஒரு டீ குடித்து முடிகிற வரை பார்ப்பார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "இப்ப அது யாரப் பாக்குது?" என்று நம்மைக் கேட்பார். பதில் சொல்லத் திணறினால் வேலை சரியில்லை என்று அர்த்தம். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அந்த உருவத்தின் முகத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் நாமே அதை உடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

பொம்மைக்குத் தலை பெரிது, கால் குட்டை. அப்படியே ஏழடிக்குப் பெருக்கினால் உள்ளே மனித உடம்பு அடங்காது. அதனால் முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்து, அவர் உடம்பில் பிளாஸ்டர் துணி சுற்றி அச்சு எடுப்போம். அந்த அச்சின்மேல் களிமண் பூசி ரோபோவைச் செதுக்குவேன். அதிலிருந்து துண்டு துண்டாக வார்ப்பு எடுத்து, பைபர் இழையும் ரெசின் பசையும் வைத்து ஓடு செய்து, தேய்த்து, உள்ளே ஸ்பாஞ்சும் வாரும் வைத்துத் தைப்போம். பஸ்காரன் உடை முழுதாக முப்பது கிலோவுக்குக் குறையாது.

ஜெயசீலன் சார் ஒரு விதி வைத்திருந்தார். எந்த உடையானாலும், நடிப்பவர் போடுவதற்கு முன் அதைச் செய்தவன் அரை மணி நேரம் வெயிலில் போட்டு நடக்க வேண்டும். நடந்துவிட்டு அவருடைய நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு படங்களிலும் நான் ஒழுங்காகப் போட்டு நடந்தேன்.

உள்ளே நடித்தவர் தேசிங்கு. மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் கடல் தொழில் செய்பவர். ஆறடிக்கு மேல் உயரம், வலை இழுத்து இழுத்து அகன்ற தோள். கோடையில் மீன்பிடிக்கத் தடை இருக்கும் மாதங்களில்தான் படப்பிடிப்பு வைப்போம், அது அவருக்கும் தோதாக இருந்தது. அந்த முப்பது கிலோவைப் போட்டுக்கொண்டு குதிப்பார், ஓடுவார். வாயின் ஐந்து திறப்புகளின் வழியேதான் அவர் பார்ப்பதும் மூச்சு விடுவதும். தலையை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும், "அண்ணே, பஸ்ஸு கெளம்புது, ரைட்டு குடுங்க" என்பார். நான் அவர் முதுகில் தட்டி "ரைட்டு" என்பேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவரே சொன்னார். "முன்ன நெறய குடிப்பேன்ணே. எங்கப்பா எங்கிட்ட பேசறதயே நிறுத்திட்டாரு. பொண்ணு பொறந்தப்ப அம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணேன். அன்னியிலேர்ந்து தொடல. இப்பத்தான் எங்கப்பா என்ன பக்கத்துல உக்கார வச்சுக்கினு சாப்புடறாரு."

இது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது படம் தொடங்கும்போது டைரக்டர் மாறியிருந்தார். முதல் இரண்டும் குழந்தைகள் பார்த்த படங்கள், இது பெரியவர்களும் பயப்பட வேண்டிய படம் என்றார். "சிரிக்கிற ரோபோ எனக்கு வேணாம். வாய மூடுங்க" என்று சொன்னார்.

ஜெயசீலன் சார் உடனே, "வாய மூடினா மூச்சுக்கு எங்க போறது?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். பொம்மைக் கம்பெனி முதலாளி முன் இருபது வயதில் எதற்கும் தலையாட்டி எப்படி நின்றேனோ, நாற்பது வயது தாண்டியும் அப்படித்தான் நின்றேன். "நான் பாத்துக்கறேன் சார். தாடைக்கு அடியில ஓட்ட போட்டு, முதுகுல சின்னதா ரெண்டு ஃபேன் வச்சிடலாம். பார்வைக்குக் கண்ணுல கறுப்புக் கண்ணாடி" என்றேன்.

பத்து நாள் அந்த முகத்தோடு கிடந்தேன். இரண்டு முறை கைக்குட்டை விழுந்தது. மூன்றாவது முறை வாய் இருந்த இடத்தில் ஒரே ஒரு கோடு வைத்தேன், உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருப்பவனைப் போல. ஜெயசீலன் சார் டீ குடித்து முடித்துத் திரும்பி நின்று, "இப்ப யாரப் பாக்குது?" என்றார். "உங்களத்தான் சார்" என்றேன். கைக்குட்டையை எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு கிடையாது.

வார்ப்பு எடுத்து ஓடு தைத்து முடித்த மறுநாள் உடையைப் போட்டு நடக்க வேண்டும். மே மாத வெயில். போட்டு ஐந்து நிமிடத்தில் காது அடைத்தது. முதுகில் வைத்த ஃபேன்களில் ஒன்று பைபர் தூசி ஏறி நின்று நின்று ஓடியது. பத்து நிமிடத்தில் தலையைக் கழற்றிவிட்டேன். ஷெட்டில் யாரும் இல்லை. பிடரியில் ஓட்டை வெட்டினால் சரியாகிவிடும், ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த முகத்தின் கோடு உடைந்துபோகும். உடைக்க எனக்கு மனம் வரவில்லை. தேசிங்கு நம்மைவிட மூன்று மடங்கு பலசாலி, தாங்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோட்டில் 'அரை மணி நேரம், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"போட்டுப் பாத்தீங்களா குணசேகரன்?" என்று ஜெயசீலன் சார் போனில் கேட்டார்.

"பாத்தேன் சார்."

படப்பிடிப்பு கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில். பாறை நாலு பக்கமும் சுவராக நிற்கும், காற்றே இருக்காது. முதல் நாள் காலையில் இரண்டு ஷாட் நன்றாகப் போனது. இடையிடையே தலையைக் கழற்றித் தேசிங்குக்கு மோர் கொடுத்தோம். "பேஜாரா கீதுண்ணே உள்ள. போன தபா மாதிரி இல்ல" என்றார். "பழகிடும்" என்றேன்.

மூன்றாவது ஷாட் தரையில் கேமராவை வைத்து அண்ணாந்து எடுப்பது. அப்படிப் பார்க்கும்போது தாடைக்கு அடியில் இருந்த ஓட்டைகள் சல்லடை போலத் தெரிந்தன. டைரக்டர், "அது இன்னா இட்லித் தட்டு மாதிரி?" என்று கேட்க, யூனிட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஜெயசீலன் சார் அன்று வேறு செட் வேலையாகத் திண்டிவனம் போயிருந்தார். அவரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார் என்று தெரியும். ஆகவே கேட்கவில்லை. விரிசல் பூசுகிற புட்டிப் பசையை எடுத்து ஓட்டைகளை அடைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் தடவினேன். ஐந்து நிமிட வேலை. ஒரே ஒரு ஷாட்தானே என்று நினைத்தேன். அடைத்ததைத் தேசிங்கிடம் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல ரைட் கேட்டார். நானும் கொடுத்தேன்.

ஒரு ஷாட் ஆறு டேக் போனது. ஒவ்வொரு டேக்குக்கும் தலையைக் கழற்றினால் பெயிண்ட் உதிரும் என்று கழற்றவில்லை. எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. அவர் கையால் மார்பில் இரண்டு முறை தட்டினால் உடனே தலையைக் கழற்ற வேண்டும். ஐந்தாவது டேக் முடிந்ததும் தட்டினார். நான் பார்த்தேன். டைரக்டர் "ஜல்தி, ஜல்தி, வெயில் மாறுது" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் தேசிங்கைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினேன். இன்னும் ஒன்றுதான் என்று. அவர் கையைக் கீழே போட்டார்.

ஆறாவது டேக்கில் நாலு எட்டு நடந்து, அப்படியே முகங்குப்புற விழுந்தார். நடிப்பு என்று நினைத்து டைரக்டர் கை தட்டினார்.

தலையைக் கழற்றியபோது அவர் தோல் அடுப்பு மாதிரி சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஏதோ உளறினார். ஜீப்பில் போட்டு, வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். பக்கத்தில் தயாரிப்பு நிர்வாகி நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் எனக்கு நோட்டுக் கையெழுத்து ஞாபகம் வந்தது, புட்டி ஞாபகம் வந்தது. சொன்னேன்: "தண்ணி போட்டுக்கினு வந்திருந்தான் சார். வெயில் வேற."

நர்ஸ் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "வாடை அடிக்கலையே" என்றார்.

"காலைல போட்டிருப்பான்மா. பழக்கம் உள்ள ஆளு."

குடித்துவிட்டு வெயிலில் மயங்கியவன் என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. வலிப்பு வந்தது. டாக்டர் பதறி, மறுபடி உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்தாளு எங்க இருந்தாரு? எதுக்குள்ளயாவது மூடி இருந்தாரா?" என்று கேட்டார். அப்போதுதான் உடையைப் பற்றிச் சொன்னேன். உடனே முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஐஸ் வைத்து, ஈரத் துணி சுற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் பிறகு ஒரு டாக்டரிடம், யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். வெயில் மூளைக்கு ஏறிவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை.

சாயங்காலம் குவாரிக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், ஸ்குரூ டிரைவரால் தாடையில் இருந்த புட்டியை நோண்டி எடுத்தது. முடிக்கும்போது ஜெயசீலன் சார் வந்துவிட்டார். தலையைக் கையில் வாங்கி, ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டை விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்தார்.

"குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்களே?"

"ஆமா சார்."

"நீங்க அரை மணி நேரம் போட்டு நடந்திருக்கீங்க."

"ஆமா சார்."

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஏன் பேசாமல் இருந்தார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்து அவர் தலையில் பாதிப் பாரத்தை இறக்குவது என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன். அந்தப் படத்துக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் இறந்ததைக் கேள்விப்பட்டேன்.

மறுநாளே உடையின் பிடரியை அகலமாக வெட்டித் திறந்தேன். வேறு ஆள் நடித்தார். பக்கவாட்டு ஷாட்டுகளில் கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அரை நாள் வேலை, அவ்வளவுதான். படம் ஓடியது. அந்த மூடிய வாயைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள். ஊர்ச் சங்கம் ஒன்று எனக்குச் சால்வை போட்டது. நானும் போய்த் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

தேசிங்கைப் போய்ப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறார், வீட்டுக்குப் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டதோடு சரி.

போன வாரம்தான் போனேன். குப்பத்தில் விசாரித்தபோது ஒருவர், "குடிகாரத் தேசிங்கா? ஐஸ் பொட்டியாண்ட உக்காந்துகினு இருப்பான் பாருங்க" என்று கை காட்டினார்.

மீன் இறங்குகிற இடத்தில் ஓர் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடினார். இரண்டு காலையும் அகட்டி வைத்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்கண்ணே" என்ற ஒரு சொல்லே இழுத்து இழுத்துக் குழறி வந்தது. முதல் பார்வைக்கு நானே, இவர் குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அன்று மூளைக்கு ஏறிய வெயில் விட்டுப்போன தள்ளாட்டம் அது. என் பொய் அவர் உடம்பிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் நடக்கும் நடை, ஊருக்கு அதை நிரூபித்துக்கொண்டிருந்தது.

அவருடைய மனைவி செல்வி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். பத்து நிமிடத்தில் கழற்றியது, புட்டி வைத்தது, ஒரு விரலைக் காட்டியது, டாக்டரிடம் சொன்னது எல்லாவற்றையும். சொல்லும்போது தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேசிங்கு வெகு நேரம் எடுத்துப் பேசினார். "டாக்டராண்ட நீங்க சொன்னது... என் காதுல விழுந்துச்சுண்ணே. நாக்கு எழும்பல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே தேசிங்கு?"

"சொன்னேனே. வூட்டுக்கு வந்து எங்கப்பாவாண்ட சொன்னேன். நான் குடிக்கலப்பான்னு. கொழறுச்சு. கொழறுற வாயில... குடிக்கலன்னு சொன்னா யாருண்ணே நம்புவாங்க?"

செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க மாமனாரு சாவற வரிக்கும் இவரு கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலிங்க. அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டு மீறிட்டான்னு. நீங்க எங்களாண்ட சொல்லி இன்னா ஆவப்போது? எனக்கு முன்னாடியே தெரியும், இவரு பொய் சொல்ல மாட்டாரு. அவர அடக்கம் பண்ண எடம் சவுக்குத் தோப்பாண்ட இருக்குது. மொதல்ல அங்க போயி சொல்லிட்டு வாங்க."

போனோம். தேசிங்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். நான் ஆசைப்பட்டு அளவெடுத்த தோள்களின் பாரம் முழுக்க என்மேல் இருந்தது. பெயர்கூட எழுதாத ஒரு மண்மேட்டைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, உங்கள் மகன் குடிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று சத்தமாகச் சொன்னேன். சவுக்கு மரங்களில் காற்று இரைந்துகொண்டிருந்தது. தேசிங்கு என் தோளை மறுபடி பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மணலில் கால் புதைந்து இருவருமே தள்ளாடினோம். எதிரே கூடை சுமந்து வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். தாண்டிப் போனதும் ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "பகல்லயே பாரு. இன்னிக்குத் தொணைக்கு ஒருத்தன வேற கூட்டிக்கினு போயி போட்டுட்டு வருது."

தேசிங்கு நிற்காமல் என்னை இழுத்துக்கொண்டு நடக்கப் பார்த்தார். அவருக்கு அது பழகிப் போயிருந்தது. நான் அவரைப் பக்கத்தில் இருந்த படகில் சாய்த்து நிறுத்திவிட்டு, அந்தப் பெண்களைப் பார்த்து நடந்தேன்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. அவரு குடிக்கலம்மா. எம் பேரு குணசேகரன். விழுப்புரம்..."